ஓய்வு என்ற சொல்லுக்கு எத்தனை மணி நேரம்?

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகளில் ஒரு பகுதியினர் வழக்கத்துக்கு மாறான போராட்டம் ஒன்றில் இறங்கினர். வேலைநிறுத்த அறிவிப்பு தரப்படவில்லை. தண்டவாளத்தில் யாரும் அமரவில்லை. சட்டம் தங்களுக்குத் தருவதாக அவர்கள் நம்பிய ஓய்வை முழுமையாக எடுத்துக்கொண்டு, அது முடிந்த பின்னரே அடுத்த வண்டிக்கு வந்தனர். நிர்வாகம் அதை ஒழுங்கீனமாகக் கருதியது. இரு தரப்பும் மேற்கோள் காட்டியது ஒரே சட்டத்தை.

1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 133ஆம் பிரிவு, ஊழியரின் காலமுறை ஓய்வைப் பற்றிப் பேசுகிறது. பிற ஊழியருக்கு அது வாரக் கணக்கில் அமைந்திருக்கிறது. வண்டியோடு செல்லும் ஊழியருக்கு மட்டும் மாதக் கணக்கு: மாதம் ஒன்றுக்குத் தொடர்ச்சியாக 30 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு நான்கு முறை, அல்லது ஓர் இரவை உள்ளடக்கிய 22 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு ஐந்து முறை. இது தவிர, நீண்ட பணியை முடித்துத் தலைமையிடம் திரும்பும் ஒவ்வொரு முறையும் 16 மணி நேரம் தலைமையிட ஓய்வு உண்டு. கேள்வி இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றியது. 30 மணி நேரம் என்பது அந்த 16 மணி நேரம் முடிந்த பிறகு தொடங்குகிறதா, அல்லது அதைத் தனக்குள் விழுங்கிக்கொள்கிறதா? ஊழியர் கணக்கில் 46. நிர்வாகத்தின் கணக்கில் 30.

மொழியியல் வகுப்பில் இது அரை மணி நேர விவாதம். ஒரு பெயர்த்தொடரின் பொருட்பரப்பு இன்னொன்றை உள்ளடக்குமா, அதற்குப் புறம்பாக நிற்குமா என்று கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்து முடித்துவிடலாம். ஆனால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இயந்திரத்தை விட்டு இறங்கும் ஒருவருக்கு அந்த வட்டங்களின் பொருள் வேறு. முப்பது மணி நேரக் கணக்கின்படி செவ்வாய்க்கிழமை நண்பகலில் அவர் மீண்டும் பணியில் இருக்க வேண்டும். எப்படியும் கிடைத்திருக்க வேண்டிய பதினாறு மணி நேரத்தைக் கழித்தால், 'வார விடுப்பு' என்ற பெயரில் அவர் கூடுதலாகப் பெறுவது பதினான்கு மணி நேரம். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பூட்டப்பட்டுத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கப்படும் ஏதேனும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு ஒரு நாள் மட்டுமே விடுமுறை உள்ள அங்கும் நாற்பது மணி நேரமும் இரண்டு இரவுகளும் கிடைக்கின்றன. லோகோ பைலட்டுகள் கேட்டது ஏறத்தாழ அதைத்தான். தொடர்ச்சியாக நான்கு இரவுகள் வரை பணியில் இருத்தும் நடைமுறையை இரண்டாகக் குறைக்க வேண்டும் என்பது அதனோடு சேர்ந்த இன்னொரு கோரிக்கை.

ரயில்வேயில் நேரத்தைப் பற்றிய சண்டை எதுவும் புதிதல்ல. நீராவி இயந்திரக் காலத்தில் 'கால் பாய்' என்றொரு பணி இருந்தது. இரவு எத்தனை மணியானாலும் கையில் விளக்கோடும் 'கால் புக்' என்னும் பதிவேட்டோடும் சென்று ஓட்டுநரின் கதவைத் தட்டுவதும், இன்ன வண்டிக்கு இன்ன நேரத்தில் வரவேண்டும் என்று சொல்லிக் கையொப்பம் வாங்குவதும் அவர் வேலை. ஜமால்பூர், கரக்பூர், போத்தனூர், பொன்மலை என ரயில் நகரங்களின் குடியிருப்புகள் பணியிடத்தை ஒட்டியே கட்டப்பட்டதற்கு இந்தக் கதவு தட்டலும் ஒரு காரணம். ஊழியர் அழைத்தால் வரும் தொலைவில் இருக்க வேண்டும். இன்று கதவைத் தட்டும் ஆள் இல்லை, கைப்பேசி ஒலிக்கிறது. ஆயினும் வீட்டில் படுத்திருப்பவர் எந்நேரமும் அழைக்கப்படக்கூடியவர் என்ற நிலை மாறவில்லை. அந்தத் தூக்கத்தைச் சட்டம் 'ஓய்வு' என்றே எண்ணுகிறது.

இந்தக் கணக்குகளின் வேர் 1919இல் இருக்கிறது. அவ்வாண்டு வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரையறையை ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி விதி எழுதப்பட்டு, 60 மணி நேர வாரம் போதும் என்று முடிவாயிற்று. அதையும் ரயில்வே சட்டத்துக்குள் கொண்டுவர 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் 60 மணி நேரத்தோடு நிற்கவில்லை. 'இயல்பிலேயே இடைவிட்ட வேலை' என்று ஒரு வகையைப் படைத்து, அதில் அடங்குவோர் வாரம் 84 மணி நேரம் வரை பணியில் இருக்கலாம் என்றது. பின்னாளில் 60 என்பது 54 ஆகவும், 84 என்பது 75 ஆகவும் குறைந்தன. எண்கள் இறங்கின, வகைப்பாடு தொடர்கிறது: செறிந்த வேலை, தொடர்ச்சியான வேலை, இடைவிட்ட வேலை, இவை எதிலும் சேராமல் 'விலக்கப்பட்டோர்'.

இடைவிட்ட வேலை என்பதற்குச் சட்டம் தரும் வரையறையைப் படித்துப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டு மணி நேரப் பணியில் பாதியோ அதற்கு மேலோ 'செயலின்மை'யில் கழியுமானால், அந்தச் செயலின்மைக்குள் ஒரு மணி நேர இடைவெளி ஒன்றோ அரை மணி நேர இடைவெளிகள் இரண்டோ இருக்குமானால், அந்த வேலை இடைவிட்ட வேலை. பணியிடத்தில் இருந்தாலும் உடல் உழைப்போ தொடர்ந்த கவனமோ கோரப்படாத நேரம் செயலின்மை.

ரயில்வே கேட்டில் இருக்கும் கேட் கீப்பரை இந்த வரையறையில் பொருத்திப் பார்க்கலாம். ஒரு வண்டி போய்விட்டது, அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. அவர் சிறிய அறையின் வாசலில் அமர்ந்திருக்கிறார். அவர் என்ன செய்கிறார்? சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நிலைய அலுவலரிடமிருந்து எப்போது தொலைபேசி மணி அடிக்கும் என்று காதை அங்கேயே வைத்திருக்கிறார். அடித்தவுடன் கேட்டை மூடி, மூடியதற்குச் சான்றாக இரகசிய எண்ணைப் பரிமாறிக்கொண்டு, பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, கொடியோடு வெளியே நிற்க வேண்டும். நடுவில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் 'வண்டிதான் இன்னும் வரலையே' என்று வாக்குவாதம் செய்வார். காத்திருப்பதே அந்த வேலையின் பெரும்பகுதி. காத்திருப்பை வேலையாக எண்ணாத அளவுகோல் ஒன்று 1930இலிருந்து அவரது நாளை அளந்துகொண்டிருக்கிறது.

2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர் மூவர் உயிரிழந்தனர். கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். அன்று நடந்த தவறு யாருடையது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். இங்கே குறிக்க வேண்டியது வேறு: அந்தக் கேட் சமிக்ஞையோடு பிணைக்கப்பட்டதாக இல்லை. பிணைக்கப்பட்ட கேட்டில் கதவு திறந்திருக்கும்வரை வண்டிக்குப் பச்சை விளக்கு எரியாது; பிணைக்கப்படாத கேட்டில் ஒரு மனிதரின் விழிப்பும் ஒரு தொலைபேசி உரையாடலும் மட்டுமே குறுக்கே நிற்கின்றன. அகலப் பாதையில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டன. நியாயமாகப் பாராட்டப்பட வேண்டிய சாதனை அது. அந்த இடங்களில் பலவற்றில் ஆளை அமர்த்தியதே தீர்வாயிற்று. அமர்த்தப்பட்ட ஆளின் விழிப்பைத் 'தொடர்ந்த கவனம்' என்று ஏற்றுக்கொள்வதில்தான் தயக்கம்.

சொல்லை மாற்றுவதில் ரயில்வேக்குப் பொதுவாகத் தயக்கம் கிடையாது என்பதால் இது வியப்பளிக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் பெயர் மாறாத பணி அரிது. ஓட்டுநர் லோகோ பைலட் ஆனார். கேங்மேன் முதலில் டிராக்மேன், பிறகு டிராக் மெயின்டெயினர். கலாசி 'ஹெல்பர்' ஆகி, அப்புறம் 'அசிஸ்டென்ட்' ஆனார். 2022 ஜனவரியில் கார்டு 'டிரெயின் மேனேஜர்' ஆனார். பழைய பெயர்களில் ஒரு நேர்மை இருந்தது. அவை செய்யும் வேலையையோ தொடும் பொருளையோ சுட்டின. கைகாட்டி மரத்தின் எண்ணெய் விளக்கைத் துடைத்து ஏற்றியவர் லாம்ப்மேன். ஓட்டுநரின் கருவிப் பெட்டியைச் சுமந்தவர் பாக்ஸ் பாய். தண்டவாளத்தை இருக்கையோடு இறுக்கிய 'கீ' என்னும் ஆப்பு கழன்றிருக்கிறதா என்று சுத்தியலோடு தினமும் நடந்து பார்த்தவர் கீமேன். அந்த ஆப்புகளின் இடத்தை இன்று பெரும்பாலும் வளைந்த எஃகுக் கிளிப்புகள் பிடித்துவிட்டன. ஆனாலும் பெயரும் நடையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கலாசி என்ற சொல்லோ கப்பலிலிருந்து இறங்கி வந்தது. பேப்பூர்க் கரையில் மரக்கலங்களை நீரில் இறக்குவோரை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

பெயர் மாற்றத்தை வெறும் பூச்சு வேலை என்று தள்ளிவிடுவது தவறாகும். 'கார்டு' என்றதும் வங்கி வாசல் காவலரை நினைத்துக்கொள்ளும் சமூகத்தில், மாற்றுப் பெயர் வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டவர்கள் அந்த ஊழியர்களே. 'மேன்' என்று முடியும் பெயரைத் தாங்கிக்கொண்டு கடப்பாறை பிடித்த பெண்களுக்கு 'மெயின்டெயினர்' என்பது சிறு நீதியாவது செய்கிறது. ஆனால் 2022ஆம் ஆண்டு ஆணை தன்னைத்தானே தெளிவாக விளக்கிக்கொண்டது: புதிய பெயரால் ஊதிய நிலையோ, தேர்வு முறையோ, கடமைகளோ, பணிமூப்போ மாறாது. செலவில்லாத கோரிக்கை ஒன்று நிறைவேறியது என்று அதற்குப் பொருள்.

செலவில்லாத மாற்றங்களில் மிகவும் யோசிக்க வைப்பது 'கூலி'. 2016 பிப்ரவரியில் தாக்கலான ரயில்வே பட்ஜெட், நிலையத்தில் சுமை தூக்குவோர் இனிக் கூலி என்று அழைக்கப்படாமல் 'சகாயக்', அதாவது உதவியாளர், என்று அழைக்கப்படுவர் என அறிவித்தது. 'கூலி' என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. குஜராத்தின் கோலி மக்களின் பெயரோடு இணைப்போரும், உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லோடு இணைப்போரும் இருக்கிறார்கள். எதுவாயினும், தமிழ்க் காதுக்கு அது முதலில் ஊதியத்தையே குறிக்கும், பிறகுதான் ஆளை. காலனியம் அதை வசைச்சொல்லாக்கியது, ஆகவே நீக்க விரும்பியதில் குற்றமில்லை. ஆனால் சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையும் அணிந்த அவர் அன்றும் ரயில்வேயின் ஊழியர் அல்லர், இன்றும் அல்லர். உரிமம் பெற்றவர், பயணி தருவதே வருமானம். 2008இல் தகுதியுள்ள சுமை தூக்குவோரைக் கேங்மேன் போன்ற பணிகளில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் வந்தபோது ஏராளமானோர் நிரந்தர ஊழியராயினர். பெயரை மாற்றாமலே வாழ்க்கையை மாற்றிய ஆணை அது. எஞ்சியவர்களுக்குச் சக்கரம் வைத்த பெட்டிகளும் நகரும் படிக்கட்டுகளும் வந்து சேர்ந்தன. ஊதியம் என்று பொருள்படும் சொல் எடுக்கப்பட்ட இடத்தில் ஊதியம் வைக்கப்படவில்லை.

தூய்மைப் பணியில் நிலைமை இன்னும் கடுமையானது. 2013ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் தனது வரையறையிலேயே 'ரயில் பாதை' என்று பெயர் சொல்லிச் சுட்டுகிறது. இந்தியப் பெட்டிகள் கழிவைத் தண்டவாளத்தின் மீதே கொட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அடுத்த வரியிலேயே ஒரு விளக்கம் வருகிறது: அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் அதே வேலையைச் செய்பவர் கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார். கையுறை ஒன்று மனிதரை ஒரு வரையறையிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. பிறகு உயிரிக் கழிப்பறைகள் வந்தன, தண்டவாளம் பெருமளவு சுத்தமாயிற்று. அது பெரிய மாற்றமே. ஆனால் 'சஃபாய்வாலா' என்ற பதவி சுருங்கிச் சுருங்கி, இன்று பெட்டியைத் துடைப்பவரும் நடைமேடையைக் கழுவுபவரும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். 1990–91இல் ஏறத்தாழ பதினாறரை லட்சமாக இருந்த ரயில்வே ஊழியர் எண்ணிக்கை இன்று பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. குறைந்த எண்ணிக்கையில் ஒரு பகுதி இயந்திரங்களால் வந்தது. இன்னொரு பகுதியினர் அதே நடைமேடையில்தான் இருக்கிறார்கள், கணக்கில்தான் இல்லை. அவர்களுக்குப் பதவிப் பெயர் மாற்றும் தொல்லைகூட ரயில்வேக்கு இல்லை.

தண்டவாளத்தில் நடப்பவருக்குத் திரும்பினால், அங்கே பெயரோடு இரண்டு கருவிகளும் வந்தன. ஒன்று, கீமேனும் ரோந்து செல்வோரும் எடுத்துச் செல்ல வேண்டிய ஜிபிஎஸ் கருவி. ஊழியர் எங்கே இருக்கிறார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று மேலதிகாரிக்குச் சொல்லும். மற்றது 'ரக்ஷக்', ரயில் நெருங்குகிறது என்று ஊழியருக்கு எச்சரிக்கை தரும். இரட்டைப் பாதையில் ஒரு வண்டியின் இரைச்சலில் எதிர்ப்பாதையில் வரும் இன்னொரு வண்டி கேட்பதில்லை. பனிமூட்டத்திலும் வளைவிலும் கண் உதவாது. பாதை பராமரிப்போர் பணியிலேயே அடிபட்டு இறப்பது இந்த நாட்டில் செய்தியின் ஓரத்தில் நான்கு வரிகளாக வந்துபோகிறது. ஊழியரைக் கண்காணிக்கும் கருவி விரைவாகப் பரவியது. ரக்ஷக்கைப் பரவலாக வழங்கு என்று ஊழியர் சங்கங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே வானலையில் இயங்கும் சிறு பெட்டிகள்தாம்; தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தப்ப வழியில்லை.

சொற்களின் விலை எவ்வளவு என்று அறிய விரும்புவோர் ரங்காபாணி விபத்தின் விசாரணையைப் படிக்க வேண்டும். 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் நின்றிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது பின்னாலிருந்து சரக்கு வண்டி மோதியது. சரக்கு வண்டியின் லோகோ பைலட்டும், எக்ஸ்பிரஸின் டிரெயின் மேனேஜரும் இறந்தவர்களில் அடக்கம். சில மணி நேரத்துக்குள்ளேயே, இறந்துபோன லோகோ பைலட் சிவப்பு விளக்கை மதிக்கவில்லை என்று உயர்மட்டத்திலிருந்து சொல்லப்பட்டது. பிறகு பாதுகாப்பு ஆணையரின் விசாரணை வேறொன்றைக் காட்டியது. அதிகாலை முதல் தானியங்கிச் சமிக்ஞைகள் பழுதாகியிருந்தன. சிவப்பைக் கடக்க அனுமதிக்கும் டி/ஏ 912 என்ற படிவம் அந்தச் சூழலுக்குப் பொருந்தாதது. எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்று அது சொல்லவில்லை. அன்று காலை அதே பகுதியைக் கடந்த பிற வண்டிகளில் பெரும்பாலானவையும் நின்று, மெல்லச் சென்று, மீண்டும் நின்று என்ற விதியைப் பின்பற்றவில்லை. பின்பற்றிய வண்டி காஞ்சன்ஜங்கா. விதியைப் பின்பற்றி நின்றிருந்தபோது அது அடிபட்டது.

ஒரே தாளைப் பல ஓட்டுநர் ஒரு விதமாகவும் ஒருவர் இன்னொரு விதமாகவும் படித்திருக்கிறார்கள் என்றால், தாளை எழுதியவரும் பயிற்சி தந்தவரும் கேள்விக்குள் வந்தாக வேண்டும். ஆணையர் அறிக்கை அப்படித்தான் கேட்டது. விபத்து நடந்த சில நாட்களுக்குள் இன்னொன்றும் நடந்தது: அவ்வாண்டு ஜனவரியில் 5,696 என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த உதவி லோகோ பைலட் காலியிடங்கள் 18,799 ஆக உயர்த்தப்பட்டன. காலியிடங்கள் ஒரே வாரத்தில் முளைத்திருக்க முடியாது. அந்தப் பதின்மூன்றாயிரம் இடங்களின் வேலையை அதுவரை யார் செய்தார்கள் என்பதற்கு, ஓய்வு 30 மணி நேரமா 46 மணி நேரமா என்ற வழக்கிலேயே விடை இருக்கிறது. ஓய்வின் பொருளைச் சுருக்கினால்தான் குறைந்த ஆட்களைக் கொண்டு பணிப்பட்டியலை நிரப்ப முடியும்.

1973 ஆகஸ்டில் இயந்திர ஊழியர் போராடியபோது, பணியேற்பு முதல் பணிநிறைவு வரை பத்து மணி நேரம் என்று அன்றைய அமைச்சர் எல்.என். மிஸ்ரா ஒப்புக்கொண்டார். நடைமுறைக்கு வராத அந்த வாக்குறுதியின் கசப்பும் சேர்ந்துதான் 1974 மே 8 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் அது நசுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர், குடும்பங்கள் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து வெளியே தள்ளப்பட்டன. வரலாற்றுப் பாடநூல்கள் அதை நெருக்கடி நிலைக்கு முன்னுரையாக ஒரு பத்தியில் சொல்லி முடிக்கின்றன. முன்னணியில் நின்ற கோரிக்கைகளுள் எட்டு மணி நேரமும் ஒன்று என்பது அந்தப் பத்தியில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

2025 ஏப்ரலில், பணி நேரத்துக்குள் உணவுக்கும் இயற்கை உபாதைக்கும் இடைவேளையைச் சட்டமாக்குவது நடைமுறையில் இயலாது என்று ரயில்வே வாரியம் எழுத்தில் தெரிவித்தது. கழிப்பறை இல்லாத இயந்திரங்கள் இன்னும் ஏராளம் ஓடுகின்றன. அவற்றில் பெண்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநராகிய சுரேகா யாதவ் ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி அதே 2025இல் ஓய்வு பெற்றார். அவரது கடைசிப் பயணத்துக்கு மாலைகளும் புகைப்படங்களும் இருந்தன. 18,799 இடங்களுக்குத் தேர்வெழுதிய பொறியியல், பட்டயப் படிப்பு இளைஞர்கள் பணியில் சேரும்போது கைக்கு வரும் விதிப்புத்தகத்தில், ஓய்வு பற்றிய பக்கம் 2024 ஜூனில் இருந்தபடியே இருக்கிறது.